வெள்ளவத்தையில் நாள் வாடகை வீடு: காசு அனுப்ப முதல்

கொழும்பில் இந்தமுறை சேவைகள் என்று பார்த்தால் பெரும்பாலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுநாயக்காவில் இறங்கி, சிம் எடுத்து, பிக்மீயில் கார் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்து சேரும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. எழுதவேண்டியது வீட்டு வாடகை விஷயம் ஒன்றுதான், ஏனென்றால் அதில் எங்கள் ஆக்கள் வரிசையாக ஏமாறிக்கொண்டிருக்கிறார்கள், ஏமாந்தவர்கள் வெளியே சொல்வதுமில்லை.

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் லண்டன், டொரோண்டோ, சிட்னி என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வந்து இறங்கும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களும் கலியாணத்துக்கு வருகிறவர்களும் கொழும்பில் சில நாள் நிற்க ஃப்ளாட் தேடுவது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம்தான். இந்த அவசரம் தெரிந்த போலி முகவர்கள் இணையத்தளம் போட்டு, பேஸ்புக்கில் விளம்பரம் விடுகிறார்கள். வாடகை அக்கம்பக்கத்தை விடக் குறைவாக இருக்கும். "இன்னொரு குடும்பமும் கேட்குது, இண்டைக்கே அட்வான்ஸ் போட்டால்தான் பிடிச்சு வைக்கலாம்" என்று வட்ஸ்அப்பில் நெருக்குவார்கள்.

எனக்கும் அப்படி ஒருவர் வந்தார். மரைன் டிரைவில் கடல் பார்த்த ஃப்ளாட் என்று பல்கனியிலிருந்து எடுத்த படம் அனுப்பினார். கீழே தென்னை, அதற்கு அப்பால் நேரே மணலும் கடலும். வெள்ளவத்தையில் அப்படி ஒரு காட்சி கிடையாது. மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் கரையோர ரயில் பாதை ஓடுகிறது, அங்கிருந்து கடலைப் பார்த்துக் கீழே எடுத்த படமென்றால் தண்டவாளம் தெரியத்தான் வேண்டும். அறைப் படத்தில் சுவரில் இருந்த பிளக் பொயின்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வட்டத்துக்குள் இரண்டு ஓட்டை உள்ள ஐரோப்பிய மாதிரி. எங்கள் ஊர் வீடுகளில் மூன்று சதுர முனை, பழைய வீடென்றால் மூன்று உருண்டை முனை. படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால், வேறொரு நாட்டு ஹோட்டலின் பக்கத்தில் அதே பல்கனி வந்து நிற்கிறது.

அப்புறம் ஐடி கேட்டேன், தயங்காமல் அனுப்பினார், அதில்தான் நன்றாக மாட்டுப்பட்டார். இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தில், பிறந்த வருடத்துக்கு அடுத்து வரும் மூன்று இலக்கமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் வருடம், 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கு. இவர் அனுப்பிய அட்டையில் மீசை வைத்த ஆளின் படம், நாள் இலக்கமோ 600ஐத் தாண்டிப் போகிறது. யாரோ ஒரு பெண்ணின் அட்டையில் முகத்தை மாற்றியிருக்கிறார்கள். தன் இலக்கம் இப்படி ஊர் சுற்றுவது அந்தப் பெண்ணுக்குத் தெரியவும் வராது என்பதை நினைக்க எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பிரைவேட் லிமிட்டட் என்று பெயர் போட்டிருந்தால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். தனி ஆளாகப் புரோக்கர் வேலை செய்கிற நேர்மையானவர்கள் அதில் இருக்கமாட்டார்கள், அதனால் பெயர் இல்லை என்பதற்காக ஒருவரைக் கள்ளன் என்று சொல்லக்கூடாது, ஆனால் லிமிட்டட் என்று எழுதிவிட்டுப் பதிவில் இல்லையென்றால் அது பொய். தளம் எப்போது பதிவானது என்பதை ஹூஇஸ் தேடலில் பார்க்கலாம். பல வருட அனுபவம் என்று எழுதியிருந்த இந்தத் தளம் அண்மையில்தான் பதிவாகியிருந்தது. எல்லாவற்றையும் விட நல்ல வழி, கொழும்பில் இருக்கிற ஒரு சொந்தக்காரரை அந்தத் தொடர்மாடிக்கு அனுப்பி வாச்சரிடம் கேட்பிப்பது. எந்த வீடு வாடகைக்குப் போகிறது, சொந்தக்காரர் ஆர் என்பது அநேகமாக அவருக்குத் தெரியும்.

என் மச்சாளின் சிநேகிதி குடும்பத்துக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. லண்டனிலிருந்து கைக்குழந்தையோடு நள்ளிரவில் வந்து, பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஏழாவது மாடி என்று சொல்ல, "ஏழா? இங்க ஆறு மாடிதானுங்க இருக்கு" என்றாராம் வாச்சர். ஹட்டன் பக்கத்து மனிதர், குழந்தைக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்து, எங்களுக்கு கோல் எடுக்கும்வரை தன் கதிரையை விட்டுக்கொடுத்திருக்கிறார். அவர் மேசையில் ஒரு சீஆர் கொப்பி. இதே மாதிரி வந்து திரும்பிப் போனவர்களின் திகதி, வந்த வாகனத்தின் இலக்கம் எல்லாம் அதில் எழுதியிருந்தது. ஒருத்தரும் பொலிஸுக்குப் போனதாகத் தெரியவில்லை என்றார்.

இவர்களும் முதலில் அப்படித்தான், "போன காசு போனதுதான், ஊருக்கு வந்த இடத்தில பொலிஸ் எண்டு அலையேலாது" என்றார் சிநேகிதியின் கணவர். களைத்துப்போய் வந்த மனிதரோடு என்ன வாதாடுவது. ஆனால் காசு போட்ட விவரத்தைப் பார்த்தபோது அது இலங்கை வங்கிக் கணக்கில்லை, "எங்கட லண்டன் ஆளின்ர கணக்கு" என்று சொல்லிக் கொடுத்த பிரித்தானியக் கணக்கு. அங்கே 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக் கணக்குக்கு அனுப்பிய காசை வங்கி திருப்பித் தரவேண்டும் என்பது கட்டாய விதி, உச்சவரம்பு 85,000 பவுண்ட், 13 மாதத்துக்குள் கேட்கவேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. நேரே வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பியிருந்தால் இந்த விதி பொருந்தாது. அந்த இரவே வங்கிக்கு கோல் எடுக்கவைத்தோம். கனடாவிலிருந்து இ-டிரான்ஸ்பர் போட்டவர்கள், மற்றப் பக்கம் காசு ஏறும் முன் என்றால் ரத்துச் செய்யலாம், ஏறிவிட்டால் முடியாது, அதனால் முதல் கோல் எப்போதும் வங்கிக்குத்தான்.

மறுநாள் பொலிஸ் முறைப்பாடு. தமிழில் எழுத ஆள் வரும்வரை இருக்கவேண்டி வந்தது. பரவாயில்லை, இருங்கள், விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், வங்கியோடு பேசும்போது உதவும். திரும்பிப் போய்விட்டவர்கள் பொலிஸின் 'டெல் ஐஜிபி' தளத்தில் முறையிடலாம். இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு (Sri Lanka CERT) 101 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம், போலித் தளம், பேஸ்புக் கணக்கு பற்றி என்ன செய்யலாம் என்று வழிகாட்டுவார்கள், விசாரணை பொலிஸின் வேலை. முக்கியமாக, கோபத்தில் வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். பேஸ்புக் பக்கத்தின் பெயரை மட்டும் அல்ல, அதன் இணைப்பையும் எடுத்து வையுங்கள், பெயரை எந்த நேரமும் மாற்றிவிடுவார்கள்.

வாச்சரின் கொப்பியைப் பார்த்த பிறகு அந்தத் தொடர்மாடி நிர்வாகம் வாசலில் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. நாங்கள் நிற்கும்போதே அந்தப் பேஸ்புக் பக்கமும் காணாமல் போனது. ஆனால் தண்டவாளம் இல்லாத அதே பல்கனிப் படம் இப்போது தெஹிவளை ஃப்ளாட் என்று வேறு பெயரில் சுற்றுகிறது, அதையும் முறையிட்டிருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டால் நீங்களும் ரிப்போர்ட் பண்ணுங்கள், ஏற்கெனவே காசு போட்டவர் என்றால் இன்றைக்கே வங்கிக்கு கோல் எடுங்கள்.