வரலாற்று ஆசிரியருக்கான பயிற்சிகள்: என் வகுப்பறை வரை வந்து சேர்ந்தவை

அண்மையில் பணியில் சேர்ந்த ஓர் ஆசிரியை குறுவள மையக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்: "சார், வரலாறு நடத்த உண்மையிலேயே உதவுற பயிற்சி எது? எதுக்குப் போகலாம்?" தேநீர் இடைவேளைக்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அவருக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். படித்தது வரலாறு. ஆனால் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் நான்தான் நடத்த வேண்டும். 2018-இல் புதிய பாடநூல்கள் வந்ததிலிருந்து பயிற்சிகள் தொடர்ந்து வருகின்றன. வட்டார வள மையத்தில் உட்கார்ந்தது, கைபேசியில் முடித்தது, விடுமுறையில் கைக்காசு போட்டுப் போனது என்று எல்லாம் உண்டு. ஒரு பயிற்சி நல்லதா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். அதற்குப் பிறகு என் பாடக்குறிப்பில் ஏதாவது மாறியதா?

நேரடிப் பயிற்சிகளில் பாதிக்கு மேல் எதுவும் மாறவில்லை. ஒரு பயிற்சியில் காலை பத்து மணி முதல் மாலை வரை பாடநூலில் உள்ளதையே திரையில் போட்டு வாசித்தார்கள். பயிற்சி நடத்திய கருத்தாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர்தான். முந்தின வாரம்தான் மாவட்ட அளவில் அதே பயிற்சியைப் பெற்றுவிட்டு வந்திருந்தார். மாநிலத்தில் சொன்னது மாவட்டத்துக்கும், மாவட்டத்தில் சொன்னது வட்டாரத்துக்கும் இறங்கி வரும்போது செய்துபார்க்கும் பகுதிகள் வழியிலேயே உதிர்ந்து, சொற்பொழிவு மட்டும்தான் எங்களிடம் வந்து சேர்கிறது. அன்று எங்கள் ஐம்பது பேர் கையிலும் ஒரு கல்வெட்டு வாசகத்தின் நகலையாவது கொடுத்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும்.

இணையவழிப் பயிற்சிகளுக்கு ஒரு வசதி உண்டு: நிறுத்தி, திரும்பப் பார்க்கலாம். 2021-இல் திக்‌ஷா தளத்தில் வந்த, நிஷ்டா என்ற ஒன்றிய அரசின் ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் கட்டத்தில் 12 பொதுப் பாடங்களும், அவரவர் பாடத்துக்கென்று ஒன்றும் இருந்தன. மதிப்பீடு, மனநலம், உள்ளடக்கிய கல்வி போன்றவற்றுக்கு அது எனக்கு உதவியது. வரலாற்றை வரலாறாக நடத்துவதற்கு நான் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

அது கிடைத்தது 2022 கோடை விடுமுறையில், மூன்று நாள் கல்வெட்டுப் பயிற்சியில். முதல் நாள் எழுத்து மட்டும். சோழர் காலக் கல்வெட்டில் பொதுவாகப் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இருக்காது. ரகரமும் காலும் (ஆகாரக் குறியான 'ா') ஒரே மாதிரி இருக்கும். அதனால் 'மரம்' என்று படிப்பதா, 'மாம்' என்று படிப்பதா என்பதை முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக "கல்வெட்டுகள் முதன்மைச் சான்றுகள்" என்று கரும்பலகையில் எழுதியவன் நான். ஒரு சான்றைப் படிப்பதே இத்தனை யோசித்துச் செய்யும் வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது. கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்தோம். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, நார்த் தூரிகையால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனோம். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கியது. ஈரம் சற்று வாங்கியதும், மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினோம். பள்ளத்துக்குள் மை படாது; சுற்றிலும் கறுப்பாக, எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். என் தாள் ஓரத்தில் கிழிந்துபோனது. இருந்தாலும் நான் எடுத்த முதல் படி என்பதால் பள்ளி ஆய்வகச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைத் தடவிப் பார்க்காமல் போவதில்லை.

மூன்றாம் நாளில் கிடைத்ததுதான் என் வகுப்பை மாற்றியது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் வாசகத்தைக் குழுவாகப் படித்தோம். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர்ந்தெடுக்க 919-லும் 921-லும் எழுதப்பட்ட இரண்டு ஏற்பாடுகள். ஏழாம் வகுப்புச் சோழர் பாடத்தில் குடவோலை முறையை நான் எப்போதும் பெருமையோடு நடத்துவேன். "அன்றே நம்மிடம் தேர்தல் இருந்தது" என்று முடிப்பேன். வாசகத்தைப் பிள்ளைகள் முன் வைத்த பிறகு அப்படி முடிக்க முடியவில்லை.

அந்த ஆண்டு, தகுதிகளைச் சிறு தாளில் எழுதிக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி அன்றைய நில அளவு) மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேத அறிவு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் (பகுதிகளிலிருந்தும்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள்.

முதல் கேள்வி கடைசி வரிசையிலிருந்து வந்தது. "சார், எங்க தாத்தாவுக்குச் சொந்த நிலம் இல்லையே. அவரு நின்றிருக்க முடியாதா?" அடுத்து ஒரு மாணவி, பெண்கள் பெயர் ஓலையில் உண்டா என்று கேட்டாள். இன்னொருவன், "இதுல யாரும் ஓட்டே போடலையே சார், குலுக்கல் சீட்டு மாதிரி இருக்கு" என்றான். மூன்றும் சரியான கேள்விகள். அது பிராமணர் ஊரின் சபை என்பதையும், எல்லா ஊரும் அப்படி இல்லை என்பதையும் அந்த இடத்தில் சொல்ல முடிந்தது. கணக்குக் காட்டாதவரை விலக்கிய விதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். பெருமை குறையவில்லை. எதற்குப் பெருமைப்படுகிறோம் என்பது தெளிவானது.

அப்புறம் நானாகத் தேடியது ஒன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வரலாற்றுக் கல்விக் குழுவினர் பாடப்பொருள்களை இலவசமாகத் தருகிறார்கள். அதில் பள்ளி உணவுக்கூடத்தில் நடந்த சண்டையைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வதை எடைபோடும் பயிற்சி இருக்கிறது. அதை எங்கள் சத்துணவு வரிசைக்கு மாற்றி எழுதினேன். யார் அருகில் நின்றார், யார் யாருக்கு நண்பர், யார் எப்போது சொன்னார் என்று பிள்ளைகள் கேட்கப் பழகிவிட்டால், 1806 வேலூர்ப் புரட்சி பற்றிய ஆங்கிலேயர் குறிப்பைக் கொடுத்தாலும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். தமிழில் இப்படிப்பட்ட பாடப்பொருள் ஆயத்தமாகக் கிடைத்தால் எவ்வளவோ ஆசிரியர்களுக்கு உதவும். இப்போதைக்கு அவரவர் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு சக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து போனோம். பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தபோது நால்வரும் சற்று நேரம் பேசவே இல்லை.

சிரமங்களும் உண்டு. சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஈடுசெய் விடுப்பு கிடைத்தாலும், அதை எடுத்தால் பத்தாம் வகுப்புப் பாடம் நிற்கும். சான்றை வைத்து நடத்தினால் ஒரு பாடவேளைப் பாடம் மூன்றாகிறது. அதனால் ஆண்டுக்கு நான்கு பாடங்களில் மட்டும் இப்படிச் செய்கிறேன். அந்த ஆசிரியைக்கும் அதைத்தான் சொன்னேன்: நான்கு போதும், ஒன்றில் தொடங்குங்கள். பயிற்சிக்குப் போனால் ஓலையோ கல்லோ ஓடோ கைக்கு வருமா என்று முதலில் விசாரியுங்கள். பயிற்சி முடிந்த பிறகும் வாட்ஸ்அப் குழு உயிரோடு இருக்குமா என்றும் பாருங்கள்.

கல்வெட்டுப் பயிற்சிக் குழு எங்களுக்கு இன்னும் இருக்கிறது. சென்ற தை மாதம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஊர் ஏரி மதகுக் கல்லில் எழுத்து இருப்பதாகச் சொன்னான். சுண்ணாம்போ மாவோ தடவக் கூடாது என்று சொல்லி, மாலைச் சாய்வெயிலில் படம் எடுத்தோம். கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ' எனக்கே தெரிந்தது. குழுவில் போட்டேன், இரவுக்குள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 'இத்தூம்பு' (இந்த மதகு) என்ற சொல்லைப் பிரித்துக் கொடுத்தார். அதைச் செய்வித்தவர் பெயர் இருக்கும் வரி மட்டும் நீருக்கடியில் நிற்கிறது. சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் அனுமதி வாங்கி மைப்படி எடுப்பதாக இருக்கிறோம். அந்தப் பையன் வாரம் ஒருமுறை வந்து, தண்ணீர் எந்தக் கல்வரை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறான்.