பெடரரா, நடாலா?

பிரெஞ்சுத் தொடர்பு இன்னும் விட்டுப்போகாத புதுச்சேரியில் டென்னிஸ் பேச்சு எழுந்தால், பிரெஞ்சு ஓப்பனை 14 முறை வென்ற நடாலை விட்டுவிட்டுப் பேச முடியாது. விம்பிள்டனை 8 முறை வென்ற பெடரருக்காக வாதாடுபவர்களும் இங்கே குறைவில்லை.

கிராண்ட்ஸ்லாம் எனும் நான்கு பெரிய போட்டிகளின் பட்டங்களில் நடால் 22, பெடரர் 20. இருவரும் மோதிய 40 ஆட்டங்களில் நடால் 24-ஐ வென்றதற்குக் களிமண் தளமே முக்கியக் காரணம்: அவர் இடக்கையால் முன்னோக்கிச் சுழலவிட்டு அடிக்கும் டாப்ஸ்பின் பந்து அங்கே தோளுயரம் எழும்பி, பெடரர் ஒரே கையால் அடிக்கும் பேக்ஹேண்டை, அதாவது புறங்கைப் பக்க அடியை, திணறடித்தது. களிமண்ணை விலக்கினால் 14-10 எனப் பெடரரே முன்னிலை பெறுகிறார்.

போராட்டக் குணத்தில் நடால் ஒரு படி மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஆட்டம் பழகும் நம் பிள்ளைகளுக்குப் பெடரரையே முதலில் காட்டுவேன். 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில், 35 வயதில், பந்து எழும்பும்போதே அடித்து, அதே பேக்ஹேண்டால் அவர் நடாலை வீழ்த்தினார்.