வேலூர் வெயிலுக்கு ராஸ்பெர்ரி பை 4 தாங்குமா?

காட்சி, ஒலி, சென்சார் மூன்றையும் கலந்து வேலை செய்கிற சின்னக் கலைக்கூடம் ஒன்றைக் காட்பாடியிலோ ஆற்காட்டிலோ தொடங்க நினைப்பவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்பதுதான். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1979இல் தொடங்கிய ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் 1989இல் நிறுவப்பட்ட இசட்கேஎம் போன்ற பெரிய ஊடகக் கலை இடங்களில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளவே ஆட்கள் உண்டு. இங்கே தகர ஷீட் போட்ட கூடம், மாடியில் ஒரு அறை, இல்லையென்றால் கோயில் திடல். ஆளில்லாமல் காலை முதல் இரவு வரை ஓடவேண்டும், கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளவேண்டும், மே மாத வெயிலில் படுத்துவிடக் கூடாது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒற்றைப் பலகைக் குட்டிக் கம்ப்யூட்டர்தான் இன்னும் சரியான பொருள். 2023இல் வந்த பை 5 அதைவிட வேகமானது. ஆனால் இந்த வேலைக்குப் பெரும்பாலும் தேவையில்லாத வேகம்.

பை 5இல் என்ன குறை என்று கேட்டால், முதலாவது 3.5 மிமீ ஆடியோ சாக்கெட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது, எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கிற தனிச் சில்லுப் பகுதியும் அதில் இல்லை. நம் ஆட்கள் எடிட் செய்து கொண்டுவரும் எம்பி4 ஃபைல்களில் பெரும்பாலானவை எச்.264தான். பை 4 அதை 1080 அளவில் நொடிக்கு 60 ஃபிரேம் வரை ஹார்டுவேரிலேயே ஓட்டும், பிராசசர் சும்மா இருக்கும். பை 5 அதே வேலையைப் பிராசசரில் செய்யும். ஓடத்தான் செய்யும், சூடும் கூடவே ஏறும். மூன்றாவது அடாப்டர். பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர் போதும். பை 5 முழுத் தெம்போடு ஓட 5 ஆம்பியர் வேண்டும்; 3 ஆம்பியர் அடாப்டரில் போட்டால் யூஎஸ்பி சாக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். சவுண்ட் கார்டு, கேமரா, சென்சார்களைக் கோர்க்கும் ஆர்டுயினோ பலகை என்று மூன்றைச் செருகினால் திண்டாட்டம். கேமராவில் ஆள் அசைவையும் உடல் நிலையையும் கண்டறிகிற வேலை என்றால் மட்டும் யோசிக்காமல் பை 5 வாங்குங்கள். அங்கே அதன் வேகம் கண்கூடாகத் தெரியும்.

பை 4இல் 2 ஜிபி போதும். வீடியோ, ஒலி, சென்சார் மூன்றும் ஒரே பலகையில் என்றால் 4 ஜிபி. 8 ஜிபிக்குக் கொடுக்கும் பணத்தை அடாப்டரிலும் பெட்டியிலும் போடுவது புத்திசாலித்தனம்.

அடாப்டரில் கஞ்சத்தனம் செய்தவர்கள்தான் பை 4ஐ அதிகம் திட்டுகிறார்கள். போன் சார்ஜர் 5 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சுமை ஏறினால் இறங்கும். பலகைக்கு வந்து சேரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் லோ வோல்டேஜ் என்று அது புகார் செய்யும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். கணக்கு எளிது: அடாப்டர் 5.1 வோல்ட் தருகிறது, மெல்லிய நீள வயரின் போய்வரும் தடை 0.2 ஓம், ஓடுவது 2.5 ஆம்பியர். வயரிலேயே அரை வோல்ட் காலி. மீதி 4.6. அடாப்டர் நல்லதாக இருந்தும் வயரால் கெட்டது. வயர் தடிமனாகவும் ஒரு மீட்டருக்குள்ளும் இருக்கட்டும். நீளம் வேண்டுமென்றால் 230 வோல்ட் பக்கம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுங்கள். இன்னொரு சங்கடம், இந்த எச்சரிக்கை புரொஜெக்டர் வழியாகச் சுவரில் ஆறடி உயரத்துக்குத் தெரியும். பார்க்க வந்தவர்கள் அதையும் படைப்பின் பகுதி என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இனி வெயில். வேலூரில் கோடையில் 40 டிகிரி தாண்டுவது செய்தியே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேல். பை 4 தன் சில்லின் சூடு 80 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும், 85இல் இன்னும் கடுமையாகக் குறைக்கும். வெறும் பலகையாக ஓட்டினால் சாதாரண அறையிலேயே முழுச் சுமையில் அந்த எல்லைக்குப் போய்விடும். கூடத்திலேயே 42 டிகிரி என்றால் கேட்கவே வேண்டாம். பலகை எரிந்துபோகாது, ஆனால் வீடியோ திக்கும், ஒலி வெடுக் வெடுக்கென்று அறுபடும். இதற்கு முழு அலுமினியப் பெட்டி வாங்குங்கள்: மூடியிலிருந்தே ஒரு கட்டை இறங்கிச் சில்லின் மேல் உட்காரும், நடுவில் வெப்பப் பட்டை. குட்டி ஃபேன் வைத்த பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம். நம் ஊர்ப் புழுதியில் அந்த ஃபேன் சில மாதத்தில் கரகரக்கும், அமைதியான ஒலிப் படைப்பில் அதன் சத்தம்தான் முதலில் கேட்கும். அலுமினியப் பெட்டிக்குள் வைஃபை கொஞ்சம் பலவீனமாகும். இந்த மாதிரிக் கலை நிறுவல்களுக்கு லேன் வயர்தான் நல்லது என்பதால் அது பெரிய இழப்பில்லை. பெட்டியைப் புரொஜெக்டரின் சூடான காற்று வெளியே வரும் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். பலரும் சரியாக அங்கேதான் வைக்கிறார்கள்.

வெயில் சென்சார்களையும் விடாது. இதுதான் வெளியூர்ப் பாடங்களைப் பார்த்துச் செய்பவர்கள் மாட்டிக்கொள்கிற இடம். ஆள் வந்தால் காட்சி தொடங்கட்டும் என்று எல்லாரும் முதலில் எடுப்பது எச்சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் சென்சார், அந்த வெள்ளைக் குமிழ். அது பார்ப்பது ஆளை அல்ல. ஆளின் உடல் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதை. சுவரே 37 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் எங்கே? ஜனவரியில் ஆறு மீட்டரில் பிடித்த அதே சென்சார், மே மதியத்தில் எதிரே வந்து நின்றாலும் கண்டுகொள்ளாது.

அடுத்தது எச்சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசானிக். 2 செமீ முதல் 4 மீட்டர் வரை தூரம் அளக்கும், மலிவு. எதிரொலி வந்த நேரத்தை மைக்ரோ நொடியில் எடுத்து 58ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் என்று எல்லா மாதிரி நிரல்களிலும் இருக்கும். அந்த 58 என்பது 20 டிகிரிக்கு, ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும் என்ற கணக்கு. 40 டிகிரியில் ஒலி சுமார் 355 மீட்டர் போகும். மூன்று மீட்டரில் நிற்பவரை 2.91 என்று காட்டும். 58க்குப் பதில் 56 போட்டால் சரியாகும். வெப்பமானி ஒன்றைச் சேர்த்து நிரலிலேயே திருத்திக்கொண்டால் இன்னும் நல்லது. இன்னொன்று: பருத்திப் புடவை, வேட்டி மடிப்பு எல்லாம் அல்ட்ராசானிக் ஒலியை விழுங்கும். சட்டை போட்டவர் சுவர் மாதிரி எதிரே நின்றால் எதிரொலி வரும். முந்தானை பறக்க சாய்ந்து நடந்தால் வராது. ஒரே ஒரு அளவை நம்பாமல் ஐந்து எடுத்து நடு மதிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு நம் பக்கத்துக் கூடங்களுக்கு ஏற்றது எல்டி2410 என்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார். சூட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை, அசையாமல் நிற்கிறவரின் மூச்சசைவைக்கூட உணரும், மெல்லிய பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஒளித்தும் வைக்கலாம். தொல்லை ஒன்றுண்டு: சீலிங் ஃபேன் சுற்றினால் அதையும் ஆள் என்று நினைக்கும். ஃபேனை நிறுத்தினால் பார்வையாளர் ஓடிவிடுவார் என்பதால் சென்சாரைத் தாழ்வாக, ஃபேன் பக்கம் திரும்பாமல் வையுங்கள். தூர அடுக்கு ஒவ்வொன்றுக்கும் தனியாக உணர்திறன் அமைக்க வழியிருக்கிறது. ஃபேன் விழும் அடுக்கை மட்டும் மந்தமாக்குங்கள்.

சென்சாரைப் பையின் பின்களில் நேரடியாகக் கோர்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். எச்சி-எஸ்ஆர்04இன் எக்கோ பின்னிலிருந்து வருவது 5 வோல்ட். நடுவில் 1 கிலோ ஓம் மின்தடை, தரைக்கு 2 கிலோ ஓம் மின்தடை போட்டுப் பிரித்தால் 3.3க்கு இறங்கும், போடாமல் விட்டால் அந்தப் பின் போகும், சில சமயம் பலகையே போகும். தவிர பை 4இல் அனலாக் உள்ளீடு கிடையாது. திருகு, ஒளி சென்சார், அழுத்த சென்சார் எதையும் நேரே படிக்க முடியாது. எங்கள் பரிந்துரை, சென்சார் எல்லாவற்றையும் ஒரு ஆர்டுயினோ ஊனோவில் கோர்த்து, யூஎஸ்பி வழியே எண்களை மட்டும் பைக்கு அனுப்புவது. ஊனோ 5 வோல்ட் பலகை, ஆறு அனலாக் பின் உண்டு, தவறாகக் கோர்த்தாலும் நஷ்டம் சின்னது.

ஒலிக்கு வருவோம். பை 4இன் சாக்கெட்டில் மெல்லிய இரைச்சல் இருக்கும். அறிவிப்புக்குப் போதும், இசைக்குப் போதாது. ஒலி உள்ளே வாங்க வழியே இல்லை. ஆக யூஎஸ்பி சவுண்ட் கார்டு கட்டாயம். மென்பொருள் என்று பார்த்தால், திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒலி நிரல் எழுதும் பியூர் டேட்டா பையில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அதே வகை மென்பொருளான மேக்ஸை முதலில் எழுதிய மில்லர் பக்கெட் 1990களில் எழுதிய இலவச மென்பொருள் அது. மேக்ஸும், காட்சிகளுக்கான டச்டிசைனரும் பையில் ஓடாது. கல்லூரியில் அவற்றைப் படித்துவிட்டு வருபவர்கள் இதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வடாற்காட்டில் இந்த வேலைக்குக் கூத்தைவிட நல்ல களம் வேறில்லை. பாரதக் கூத்து நடக்கும் திடலில் முகவீணை என்ற ஊதுகருவியின் சுருதியைப் பிடித்துத் திரையில் வண்ணம் மாற்றவேண்டும் என்றால், மைக்கை முகவீணையின் வாய்க்கு ஒரு சாணுக்குள் வையுங்கள். மிருதங்கமும் டோலக்கும் பக்கத்திலேயே முழங்கும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டுப் பிறகு பியூர் டேட்டாவில் சுருதியைக் கண்டறியும் சிக்மண்ட் பெட்டிக்குள் அனுப்பினால் சுருதி தெளிவாக வரும். வெட்டாமல் அனுப்பினால் ஒவ்வொரு அடிக்கும் எண் குதித்துத் திரை கண்ணைப் பறிக்கும். தாள அடிகளுக்குத் தனி மைக், தனியாக, அடியைக் கண்டறியும் பாங்க் பெட்டி. ஆர்மோனியப் பெட்டி இடைவிடாமல் இழுப்பதால் சிக்மண்ட் அதைப் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. மைக்கின் முதுகு பெட்டிக்காரர் பக்கம் இருக்கட்டும். ஒலி உள்ளே போய் வெளியே வரும் தாமதத்தை 20 மில்லி நொடிக்குப் பக்கத்தில் வைத்தால் பை 4 சமாளிக்கும். ஐந்துக்கு இறக்கினால் பொரிகடலை வறுக்கிற சத்தம்தான் வரும்.

திடலில் ஹம் என்ற இரைச்சல் வந்தால் பையைக் குறை சொல்லாதீர்கள். பை ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கிலும் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே சுற்று உண்டாகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுவாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒலி வயரின் நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

படத்துக்கு இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ, இரண்டு புரொஜெக்டர் ஓட்டலாம். அந்தச் சாக்கெட் நோஞ்சான். கனத்த எச்டிஎம்ஐ வயரின் எடை அதில் தொங்கக் கூடாது. சின்னத் துண்டு வயரைப் பலகையில் நிரந்தரமாகக் கட்டிவிட்டு மற்றதை அதன் மறுமுனையில் மாட்டுங்கள். ஒரே திரை என்றால் பவர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் உள்ளதில்தான் செருகவேண்டும். புரொஜெக்டரை முதலில் போட்டு, பிறகு பையைப் போடுங்கள். தலைகீழாகச் செய்தால் படம் வராமல் போகலாம். மழைக்காலத்து ஈசல் லென்ஸை மொய்ப்பதற்குப் பையிடம் மருந்தில்லை.

கரண்ட் விஷயத்தில் பை 4இன் பலவீனம் எஸ்டி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெடும், அடுத்தமுறை எழுந்திருக்காது. வேலை முடிந்து எல்லாம் சரியாக ஓடியதும் பையின் அமைப்பு நிரலான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டுவிடுங்கள். பிறகு கார்டில் எதுவும் எழுதப்படாது, எத்தனை முறை கரண்ட் போனாலும் முன்பிருந்தபடியே எழும். மாற்றம் செய்யும்போது அதை எடுக்க மறந்தால் செய்ததெல்லாம் ரீபூட்டில் காணாமல் போகும், அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் கார்டை எஃப்3 போன்ற மென்பொருளால் சோதியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு எட்டு மட்டுமே உள்ள போலிகள் நடமாடுகின்றன. நகலெடுத்த இரண்டாவது கார்டு பெட்டியின் அடியில் ஒட்டி இருக்கட்டும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கவேண்டும். பின்னால் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள், மாறும் இடைவெளி குறைவதால் பை அணையாமல் தாண்டிவிடும்.

கடைசியாக நேரம். பை 4இல் கடிகாரம் இல்லை. இன்டர்நெட் இல்லாத திடலில் கரண்ட் போய் வந்தால் பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டு, மாலை ஆறு மணிக் காட்சியை எட்டுக்குத் தொடங்கும். டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றை 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களில் மாட்டினால் தீர்ந்தது. மலிவான நீலப் பலகையில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும். அதில் நாம் போடுவதோ சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032. ஆகவே 5 வோல்ட் பின்னில் மாட்டாமல், முதல் பின்னின் 3.3 வோல்ட்டிலேயே மாட்டுங்கள்.