புளியரை ரோட்டு நாற்றங்கால்: 100 கன்று கேட்டேன், 25 கொடுத்தார்கள்

அம்மாவின் முதல் திதிக்கு 100 மரக்கன்று நடுவது என்று முடிவு செய்தேன். கன்று, கூண்டு, ஆள்கூலி எல்லாம் சேர்த்துக் கையில் 20,000 ரூபாய். அதற்கு முன்பு ஒரு தடவை எங்கள் தெருவுக்காக வேறொரு நர்சரியில் வாங்கி நட்டிருந்தோம். சாரல் ஓய்ந்து, பங்குனி வெயில் வந்ததும் எல்லாம் கருகிவிட்டன. காய்ந்த ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் பைக்குள்ளேயே சும்மாடு மாதிரிச் சுருண்டு கிடந்தது.

இந்த முறை என் கடைக்கு வந்த ஒருவர் சொல்லி, தென்காசி மாவட்டம் செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் இருக்கும் இந்த நாற்றங்காலுக்குப் போனேன். குளங்களைப் பராமரிக்கும் உள்ளூர்க் குழு ஒன்று நடத்துகிறது. இடம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் தென்னந்தோப்பு, வாடகை கிடையாது. குழாய் கொடுத்தது ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். செம்மண் ஏற்றி வருவது ஒரு லாரிக்காரர், டீசல் காசுகூட வாங்குவதில்லையாம்.

கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என் பட்டியலைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணாச்சி, மாசியில யாரு தண்ணி ஊத்துவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் ஒரு நீர்மருதுக் கன்றை எடுத்துப் பையைக் கிழித்துக் காட்டினார். ஆணிவேர் நேராக இறங்கியிருந்தது, சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடிவேர். பையின் அடி வழியாக வேர் தரையில் இறங்கிப் பிடிக்காதபடி மாதம் ஒரு தடவை ஒவ்வொன்றையும் தூக்கி இடம் மாற்றி வைக்கிறார்களாம். இந்த வேலைக்குத்தான் சம்பளம் வேண்டும். அதற்குத்தான் யாரும் பணம் கொடுப்பதில்லை.

அவர்கள் கணக்கு இது. வெறும் கன்று 40 ரூபாய். அதே கன்றை நட்டு, கூண்டு போட்டு, 2 வருஷம் தண்ணீர் ஊற்றி, போனதற்குப் பதில் வேறு வைத்துத் தர 800 ரூபாய். என் 20,000 ரூபாய்க்கு 25 மரம். முதலில் மனசு ஒப்பவில்லை. அம்மா பெயரில் 100 என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் தெருவில் கருகியது கண்ணுக்குள்ளேயே நின்றது. சரி என்றேன்.

ஊராட்சியில் அனுமதி வாங்கி, போன ஆனிச் சாரலில் ஒரு குளத்தங்கரையில் நட்டார்கள். தண்ணீர் தொடும் இடத்தில் நீர்மருது, மேட்டில் இலுப்பையும் நாவலும். ஒரு வருஷம் ஆகிறது. 2 கன்றை ஆடு மேய்ந்துவிட்டது, நான் கேட்காமலே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. ரசீது வர 3 வாரம் ஆயிற்று. போட்டோ கேட்டால்தான் அனுப்புகிறார்கள். கூண்டில் பெயர்ப்பலகை வைக்க மாட்டார்கள், நோட்டில்தான் எழுதுகிறார்கள். சின்னதாக ஒரு பலகை வைக்கலாம் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. நன்கொடைக்கு 80ஜி என்று சொல்லும் வருமான வரிச்சலுகையும் இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அது ஒரு குறைதான், புதிய முறைக்கு மாறியவர்களுக்கு எப்படியும் அந்தக் கழிவு கிடையாது.

பெரிய கம்பெனிகளிடம் கேட்கலாமே என்று நானும் சொன்னேன். 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி, 5 கோடியும் அதற்கு மேலும் நிகர லாபம் உள்ள கம்பெனிகள் முந்தைய 3 வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சிஎஸ்ஆர் என்பார்கள்) செலவிட வேண்டும். ஆனால் அந்தப் பணத்தைக் கையில் வாங்கி வேலை செய்யும் அமைப்புகள் 2021 ஏப்ரலிலிருந்து மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு 80ஜி பதிவு, தணிக்கைக் கணக்கு என்று எத்தனையோ காகிதம். மண்வெட்டி பிடிக்கும் நாலு பேரால் ஆகிற காரியமா? நம் ஊர் ஆடிட்டர் ஒருவர் சில ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தால், நான் கொடுத்த 20,000 ரூபாயைவிட அது பெரிய கொடை.

அதுவரை ஊர்க்காரர்கள் மாதாமாதம் கொடுப்பதுதான் ஒரே வழி. நாவல் விதையும் இலுப்பை விதையும் எடுத்துவைக்கத் தோதானவை இல்லை. பழம் விழுந்த சில நாளுக்குள் ஊன்ற வேண்டும், காய விட்டால் முளைக்காது. யாருடைய திதியோ பிறந்தநாளோ வந்து பணம் கிடைக்கட்டும் என்று இருந்தால் அந்த வருஷத்து விதை போய்விடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு மாதம் 500 ரூபாய் போடுகிறேன். எதற்கு என்று குறிப்பிடாமல், கூலிக்கோ நாற்றுப் பை வாங்கவோ அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன். எங்கள் கடைத்தெருவில் இன்னும் 4 பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் காலை 10 மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் அக்கா குளத்துப் பக்கம் போய்விடுவார். இப்போது நாவல் பழம் விழுகிற நேரம். வீட்டில் மரம் இருந்தால், சாப்பிட்ட கொட்டையைக் கழுவி, காய விடாமல் ஈரத் துணியில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.