கருவேல முள்ளும் கம்பித் துணுக்கும்: மராத்தான் பிளஸ் டயருடன் ஒரு நாள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளிலேயே செல்வது என்று நண்பர்கள் ஐவர் முடிவு செய்தபோது, எங்களுக்குள் நீண்ட நாள் ஓடிய விவாதம் டயரைப் பற்றியதுதான். மற்ற நால்வரும் 28 மி.மீ. அகலமுள்ள இலகுவான டயர்களே போதும் என்றார்கள். நான் மட்டும் ஷ்வால்பே நிறுவனத்தின் மராத்தான் பிளஸ் டயர் இரண்டை, 35 மி.மீ. அகலத்தில் வாங்கி மாட்டினேன். இந்த மதிப்புரையைப் பயணத்தின் ஒரே ஒரு நாளை, அதாவது மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்ற நாளை வைத்தே எழுதுகிறேன். டயரைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான சாலையை நான் இதுவரை ஓட்டியதில்லை.

அந்தச் சாலையின் இயல்பைச் சொன்னால்தான் டயரின் அருமை விளங்கும். திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 அகலமானது, தளமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சைக்கிள்காரர்கள் ஓட்டக்கூடிய இடம் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஒடுங்கிய பட்டைதான். லாரிகள் ஓடும் பகுதியைக் காற்றும் சக்கரங்களுமே பெருக்கிவிடுகின்றன. அங்கிருந்து ஒதுக்கப்படும் அத்தனையும் இந்த ஓரத்தில்தான் வந்து சேர்கிறது. அதில் மிகவும் கொடியது, வெடித்துப்போன லாரி டயர்களிலிருந்து உதிரும் எஃகுக் கம்பித் துணுக்கு. தலைமுடியைப் போல் மெல்லியதாக, அரை அங்குலம்கூட இல்லாமல் இருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. அடுத்த எதிரி சீமைக்கருவேல முள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இந்தக் கரிசல் காட்டை வளைத்துக்கொண்ட அந்த மரத்தை விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி ஏற்றிச் செல்லும் வழியெல்லாம் சிறு கிளைகள் உதிர்ந்து கிடக்கும்.

நாங்கள் மதுரையை விட்டுக் கிளம்பியபோது மணி ஐந்தரை. தை மாதத்து வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் முதல் முப்பது கிலோமீட்டரும் சிரமமில்லாமல் கழிந்தன. கள்ளிக்குடியைத் தாண்டியதும் முதல் நண்பரின் பின்சக்கரம் இறங்கியது. டியூபை மாற்றிக்கொண்டு புறப்பட்டோம். விருதுநகரைக் கடந்து சிறிது தூரம் செல்வதற்குள் அதே சக்கரம் மறுபடியும் இறங்கிவிட்டது. கையிலிருந்த பம்பால் அவ்வப்போது காற்றடித்துக்கொண்டே சாத்தூருக்கு முன்பிருந்த ஒரு பஞ்சர் கடையை அடைந்தோம்.

அந்தக் கடைக்காரர் செய்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். தொட்டித் தண்ணீரில் டியூபை அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்தார். ஆனால் உடனே ஒட்ட முனையவில்லை. டியூபை டயரின் மேல் பொருத்தி, ஓட்டை எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று சாக்கட்டியால் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். குறித்த இடத்துக்கு அருகில் பஞ்சின் இழை ஒன்று சிக்கி நின்றது. அங்கே விரல் நுனிக்கும் தட்டுப்படாத கம்பி முனை ஒன்று இருந்தது. நகவெட்டியால் அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “இத எடுக்காம நீங்க பத்து டியூப் மாத்துனாலும் பத்தும் போயிரும் தம்பி” என்றார். அதன் பிறகுதான் உப்புத்தாளும் சொல்யூஷனும் வெளியே வந்தன. பயணம் போகிற எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது.

மூன்றாவது நிறுத்தம் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடையே. நிழலுக்காகச் சாலையை விட்டு இறங்கி ஒரு வேப்பமரத்தடிக்கு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது இன்னொரு நண்பரின் இரண்டு சக்கரங்களும் முள் தைத்து இறங்கியிருந்தன. மூன்று நிறுத்தங்களிலுமாக இரண்டே கால் மணி நேரம் போயிற்று. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கியதோடு சரி. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுச் செல்வது என்று வீட்டிலிருந்தே போட்டு வந்த திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

என் டயர்களில் அன்று ஒரு முறைகூடக் காற்று இறங்கவில்லை. இந்த டயரின் தரைபடும் பகுதிக்கு அடியில் 5 மி.மீ. கனமுள்ள நெகிழ்வான ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கிறது. முள்ளும் கம்பியும் மேல்ரப்பரைத் துளைத்தாலும் இந்த அடுக்குக்குள் சிக்கி நின்றுவிடுகின்றன. இரவு திருநெல்வேலி விடுதியில் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபோது, பின்டயரில் கருவேல முள்ளொன்று நேராக இறங்கி, வெளிப்புறம் முறிந்து, மட்டமாகத் தேய்ந்து போயிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்து அளந்தேன். தேய்ந்தது போக 4 மி.மீ. மிஞ்சியிருந்தது. அத்தனை தூரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

இதற்கான விலை எடை. என் அளவு டயர் ஒன்று ஏறத்தாழ 900 கிராம். நண்பர்களுடையது அதில் பாதிகூட இல்லை. தடித்த அடுக்கு ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிவதால் உருளும் வேகமும் சற்றுக் குறைவு. சமதளத்தில் பின்காற்றோடு செல்லும்போது இது தெரியாது, ஊர் தோறும் வரும் மேம்பாலங்களில் ஏறும்போது தெரியும். பக்கச்சுவரில் அந்த அடுக்கு இல்லாததால், கூரான கல்லோ கண்ணாடியோ பக்கவாட்டில் கிழித்தால் அது காப்பாற்றாது. உறுதியான டயர் என்பதால் மாட்டுவதற்கு நல்ல லீவர் இரண்டு தேவை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை வேகமாக ஓட்டிவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் மூட்டை முடிச்சுகளோடு நண்பர்கள் சேர்ந்து செல்லும் பயணத்தில் கணக்கு வேறு. ஒருவருடைய சக்கரம் இறங்கினால் நிற்பது ஐவரும்தான். என் டயர் நன்றாக இருந்தும் நானும் அதே இரண்டே கால் மணி நேரத்தை இழந்தேன். டயர்த் தேர்வை அவரவர் விருப்பத்துக்கு விட்டது எங்கள் தவறு. மெதுவான டயரால் அந்த 155 கிலோமீட்டரில் நான் இழந்திருக்கக்கூடிய நேரம் அரை மணிக்கு மேல் இருக்காது. நாங்கள் இருட்டிய பிறகுதான் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்தோம். கங்கைகொண்டானிலிருந்து லாரிகளின் வெளிச்சத்தில் ஓட்டிய அந்த ஒரு மணி நேரம் எவருக்கும் வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் ஓடும், ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை என் சக்கரங்களை இரண்டு வெள்ளை வளையங்களாகக் காட்டியதாகப் பின்னால் வந்த நண்பர் சொன்னார்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால், கார் வால்வுக்கு ஏற்ற சிறிய பித்தளை அடாப்டர் இரண்டை உடன் வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளின் காற்றுக் குழாய் அது இல்லாமல் பொருந்தாது. வீட்டிலிருந்து புறப்படும் முன் ஒரு முறையாவது டயரைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். என் டயர்கள் 4,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. பின்டயரின் நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தொடங்கியிருக்கிறது, அடுத்த பயணத்துக்கு முன் முன்னதைப் பின்னுக்கு மாற்றிவிட்டு முன்னால் புதியது ஒன்று போடுவதாக இருக்கிறேன்.