கிளிநொச்சியில் ஏசி சலூனுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: விலை கேட்காமல் கதிரையில் இருக்க வேண்டாம்

கிளிநொச்சி டவுனில் இரண்டு பேர் முடி வெட்டிக்கொண்டதற்கு 9,000 ரூபாய் போயிருக்கிறது. எனக்கும், உயர்தரம் படிக்கிற என் மகனுக்கும். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். வவுனியாவிலும் இதே வித்தை நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே கடை எது என்று தேடுவதை விட, என்ன செய்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் உதவும்.

வழமையாக நாங்கள் வெட்டுவது தருமபுரத்தில். சுவரில் விலை ஒட்டியிருக்கும்: முடி 500, தாடியோடு 700. சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதற்கு முதல் நாள் அந்த அண்ணையின் கடை பூட்டு. சரி, டவுனுக்குச் சாமான் வாங்கத்தானே போகிறோம், அங்கேயே வெட்டுவோம் என்று ஏ9 வீதிக் கரையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கடைக்குள் ஏறினோம். கண்ணாடிக் கதவு, ஏசி, சுழல் கதிரை, சுவர் முழுக்க கிரிக்கெட்காரரின் படங்கள். விலைப் பட்டியல் மட்டும் எங்கேயும் இல்லை. “கட்டிங் எவ்வளவு தம்பி?” என்று மகன் கேட்டதற்கு, “முதல்ல இருங்கோ, ஸ்டைலைப் பொறுத்து” என்று பதில்.

வெட்டு மோசமில்லை, அதைச் சொல்ல வேண்டும். பொடியனுக்குக் கை நல்ல கை. பிரச்சினை தொடங்கியது கழுத்தில் துணியைக் கட்டிய பிறகு. “அண்ணை, வெயிலுக்குள்ளால வந்திருக்கிறியள், முகத்தை ஒருக்கா கழுவி விடட்டா?” என்றான். கழுவி விடுகிறேன் என்று ஒருவன் கேட்டால் யாராவது வேண்டாம் என்பார்களா? சரி என்றேன். கொஞ்ச நேரத்தில், “தலையைக் கொஞ்சம் பிடிச்சு விடட்டா?” அதற்கும் சரி. பக்கத்துக் கதிரையில் மகனிடம், “முடி காய்ஞ்சு போய்க் கிடக்கு தம்பி, ஒரு கிரீம் போட்டு விடுறன்” என்று இன்னொருவன். அது கேள்வியாகவும் இருக்கவில்லை. எதற்கும் ஒரு விலை இருக்கிறது என்று அந்த நேரத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்கிற விதமே, வீட்டுக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பது போலத்தான்.

நடுவில் இன்னொரு விசயம். தாடி வழிக்கக் கத்தியை எடுத்தவன், அதில் ஏற்கனவே மாட்டியிருந்த பிளேட்டோடு வந்தான். புதுசு போடச் சொன்னேன். அவன் முதலில் காசு மேசையில் இருந்தவரைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் லாச்சியைத் திறந்து, ஒரு பிளேட்டைத் தாளோடு மடித்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்தியில் மாட்டினான். மற்றப் பாதி திரும்ப லாச்சிக்குள் போனது. ஒரு பிளேட்டின் பாதிக்கு முதலாளியின் உத்தரவு தேவைப்படுகிற கடையில் ஏசி எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன். ஈரல் அழற்சி பி, சி இரண்டும் இரத்தத்தால் தொற்றுகிறவை. தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்றே போதும். எந்தக் கடையானாலும் பிளேட்டை உங்கள் கண் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். வழித்த பிறகு எல்லாருக்கும் தேய்க்கிற அந்த ஒரே படிகாரக் கட்டியையும் வேண்டாம் என்று சொல்லலாம்.

எழும்பி வந்ததும் ஒரு கொப்பித்தாளில் எழுதிய துண்டு கைக்கு வந்தது. கடையின் பெயரோ இலக்கமோ எதுவும் அதில் இல்லை. இரண்டு கட்டிங், ஒன்று 900 வீதம் 1,800. தாடி 600. ‘பேஷ் வோஷ்’ 1,200. ‘ஹெட் மசாஜ்’ 1,500. மகனுக்குப் பூசிய கிரீமுக்குப் பெயர் ‘ஹெயார் ஸ்பா’, அது 2,500. கூட்டினால் 7,600. அதற்குக் கீழே ‘சேர்விஸ்’ என்று 760. மொத்தம் 8,360.

“முகம் கழுவினதுக்கு ஆயிரத்து இருநூறா?” என்று கேட்டேன்.

“நாங்கள் கேட்டுத்தானே அண்ணை செய்தனாங்கள்?”

“விலை சொன்னனீங்களோ?”

“நீங்கள் கேக்கேல்லையே.”

மகன் கேட்டதை நினைவுபடுத்தினேன். அது கட்டிங்குக்கு மட்டும் கேட்டதாம். பின்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள், மகனுக்கு முகம் சிவந்துவிட்டது, “வாங்கோ அப்பா, போவம்” என்று கையைப் பிடித்து இழுக்கிறான். இந்த வெட்கத்தில்தான் அவர்களுடைய வியாபாரமே ஓடுகிறது. சாமான் வாங்க வைத்திருந்த இரண்டு 5,000 ரூபாய்த் தாள்களைக் கொடுத்தேன். மிச்சம் 1,640 வர வேண்டும். வந்தது ஒரே ஒரு ஆயிரம் ரூபாய்த் தாள். “மிச்சம் பொடியளுக்கு அண்ணை, எல்லாரும் வைக்கிறவை” என்று சொல்லிக்கொண்டே லாச்சியைத் தள்ளி மூடிவிட்டார்.

மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது எனக்கு வெட்டிய பொடியன் குப்பை கொட்ட வெளியே வந்தான். அந்த 640 உனக்கு வருமா என்று கேட்டேன். கடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “லாச்சிக்குள்ள போனது எங்களுக்கு வராது அண்ணை” என்றான். அவன் எந்த ஊர் என்பதைக்கூட எழுதப்போவதில்லை, வேலை போய்விடும். இதைப் படித்துவிட்டு அங்கே வேலை செய்கிற பொடியளோடு யாரும் சண்டைக்குப் போக வேண்டாம். பல கடைகளில் அவர்களுக்குச் சம்பளமே இல்லை, வெட்டுகிற தலைக்கு ஒரு பங்குதான். ‘கழுவி விடட்டா’ என்று கேட்கச் சொல்லிப் பழக்குவது முதலாளி.

அந்த 760 பற்றி. சேர்விஸ் சார்ஜ் என்று 10 வீதம் சேர்ப்பது எங்கள் நாட்டில் ஹோட்டல்களிலும் பெரிய உணவகங்களிலும் உள்ள நடைமுறை. அதற்கே மெனு அட்டையின் அடியில் எழுதி வைத்திருப்பார்கள். சலூனில் அதை ஒட்டிவிட்டு, அதற்கு மேலே டிப்ஸும் பிடிப்பது ஒரே வேலைக்கு மூன்று தரம் காசு வாங்குவது. எனக்கு ‘சேர்விஸ்’, இன்னொருவருக்கு அதே கடையில் ‘வற்’, அதாவது பெறுமதி சேர் வரி, என்று போட்டிருக்கிறார்கள். வற் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம் என்பது உண்மை. ஆனால் வற் பதிவு உள்ளவர்தான் அதை அறவிடலாம். கொப்பித்தாளில் வற் எழுதினால் அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

விலை கூடியதற்காக நான் கோபப்படவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தொட்டபோது பிளேட், கிரீம், மெசின் எல்லாம் ஏறின. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 வீதம். 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் மெசினை வைத்துவிட்டுக் கத்தரியோடு வாசலில் கதிரை போட்டு வெட்டிய ஆட்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். போர் முடிந்த நேரம் மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே எங்களுக்கு வெட்டியவர், காசு இல்லாதவனிடம் சவர்க்காரக் கட்டியும் வாங்கினார், சும்மாவும் விட்டார். 500 ரூபாயை 600 ஆக்கினால் நான் மறு பேச்சில்லாமல் கொடுப்பேன், சுவரில் ஒட்டிவிட்டு வாங்கினால் போதும். ஏசி கடையில் 900 என்றாலும் சரி, வேண்டுமென்றால் இருப்பேன், இல்லையென்றால் எழும்பி வருவேன். அது என் விருப்பம். அந்த விருப்பத்தைத்தான் இவர்கள் மறைத்து எடுக்கிறார்கள்.

டிப்ஸ் விசயத்தில் எங்கள் ஆட்களுக்கு உண்மையிலேயே குழப்பம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்த டவுன் கடைகளில் 5,000 ரூபாய்த் தாளை வைத்துவிட்டு, மிச்சம் வேண்டாம் என்று போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் முடி வெட்டினால் பில்லுக்கு மேலே 15 முதல் 20 வீதம் வைப்பது வழக்கம், வைக்காவிட்டால்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு இங்கே வருகிறார்கள். அவர்கள் போன பிறகு அதே தாராளத்தை விசுவமடுவில் வயல் செய்கிறவனிடமும் கடை எதிர்பார்க்கிறது. இங்கே அப்படி ஒரு கட்டாயம் ஒருநாளும் இருந்ததில்லை.

எங்கள் பக்கம் ஓடுகிற முறை இதுதான். கடைக்காரர் தானே வெட்டினால் டிப்ஸ் என்று ஒன்று இல்லை. சொன்ன விலையைக் கொடுப்போம், மிஞ்சிப் போனால் மிச்ச ஐம்பதை “வையுங்கோ அண்ணை” என்று விடுவோம். சம்பளத்துக்கோ பங்குக்கோ நிற்கிற பொடியன் என்றால் ஐம்பது, நூறு, அதை அவன் கையில்தான் கொடுக்க வேண்டும். லாச்சிக்குள் போடுகிற டிப்ஸ் யாருக்குப் போகும் என்று மேலே எழுதிவிட்டேன். எழும்ப முடியாத வயதானவருக்கு வீட்டுக்கு வந்து வெட்டினால் கணக்கு வேறு. வெட்டுக் கூலியோடு பெற்றோல் காசும் சேர்த்துக் கொடுப்போம், சாப்பாட்டு நேரம் என்றால் சாப்பிடாமல் விடமாட்டோம். மாப்பிள்ளைக்கு முகம் வழிக்க, செத்தவீட்டில் கொள்ளி வைப்பவருக்கு வழிக்க என்று வருகிறவருக்கு வெற்றிலையில் வைத்துக் கொடுப்பதை டிப்ஸ் கணக்கில் சேர்க்க முடியாது. அதைப் பேரம் பேசுகிறவனை ஊரே திட்டும்.

முந்தி முடி வெட்டுகிறவருக்கு அறுவடை முடிந்ததும் நெல்லாக அளந்து கொடுத்த காலத்தைச் சிலர் பெருமையாகக் கதைப்பார்கள். எனக்கு அதில் பெருமை தெரியவில்லை. கொடுப்பவர் அளந்ததுதான் கூலி, வாங்குபவர் வாய் திறக்க முடியாது. என் வேலைக்கு இதுதான் விலை என்று சுவரில் எழுதி ஒட்ட எத்தனையோ பேர் எவ்வளவோ பட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அந்தப் பலகையை முதலாளிமார் இப்போது கழற்றிப் போடுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பலகை இல்லாத கடையில் வாடிக்கையாளருக்கும் தெரியாது, வேலை செய்கிற பொடியனுக்கும் தன் பங்கு எவ்வளவுக்கு என்று தெரியாது.

ஆகவே போகிறவர்கள் துணி கட்டுவதற்கு முதலே கேளுங்கள்: முடிக்கு எவ்வளவு, தாடிக்கு எவ்வளவு, வேறு ஏதாவது சேருமா. ‘பிறகு பார்ப்பம்’ என்றால் எழும்பி வாருங்கள். நடுவில் ‘போடட்டா, கழுவட்டா’ என்று வந்தால் “எவ்வளவு?” என்ற ஒரு சொல் போதும், பாதிக்குப் பாதி அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகளைத் தனியாக அனுப்பினால் இதைச் சொல்லி அனுப்புங்கள், அவர்கள்தான் சுலபமாக மாட்டுகிறார்கள். ‘டை’ அடிக்கிறேன் என்று வந்தால் விலைக்கு முதல் தோலை யோசியுங்கள். கறுப்புச் சாயங்களில் இருக்கிற பிபிடி என்ற பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும், அதனால்தான் 48 மணித்தியாலத்துக்கு முதல் தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லிப் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. கடையில் யாரும் 48 மணித்தியாலம் காத்திருக்க மாட்டார்கள்.

ஏற்கனவே மாட்டியவர்களுக்கு: பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். எனக்குத் தர மறுத்தார்கள், அந்தக் கொப்பித்தாளையும் திரும்ப வாங்கப் பார்த்தார்கள். அதற்குள் மகன் போனில் படம் எடுத்துவிட்டான். வெட்கப்பட்டுக்கொண்டு நின்றவன் செய்த வேலை அது. அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன், விவரம் கேட்டுவிட்டு எழுத்தில் தரச் சொன்னார்கள். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போய்ப் படத்தின் பிரதியோடு கடிதம் கொடுத்தாயிற்று. பிளேட் விசயத்தை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை, அது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வேண்டியது. அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அதே கடையில் இப்படிப் பில் வாங்கிய வேறு யாராவது இருந்தால் துண்டை எறிந்துவிடாதீர்கள். சேவை பெற்ற நாளில் இருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்தால்தான் முறைப்பாட்டை எடுப்பார்கள். என் கடிதத்தோடு இன்னும் இரண்டு மூன்று கடிதம் போய்ச் சேர்ந்தால் வேலை கெதியாக நடக்கும்.