சுண்ணாம்பா, எமல்ஷனா? சிவப்புச் சீமெந்தா, ரைல்ஸா? யாழ்ப்பாண வீட்டுக்கு இதம் தருவது எது

இயற்கை நிறங்களால் வீட்டை அமைதியாக்கலாம் என்று சொல்லும் வர்ண அட்டைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை. மங்கலான வானத்தின் கீழ் மென்மையாகத் தெரியும் சாம்பல்பச்சை, யாழ்ப்பாணத்து மதிய வெயிலில் வெளிறிப்போன பழஞ்சீலை மாதிரி நிற்கும். இங்கே மலையில்லை, உயரமான காடில்லை. சுண்ணாம்புக்கல் நிலமும் வெண்மணல் ஒழுங்கையும் சீமெந்து மதிலும் வெயிலைத் திருப்பி யன்னலுக்குள் அடிக்கின்றன. இந்தக் கண்கூச்சத்தையும் வெக்கையையும் அடக்காமல் சுவருக்கு எந்தப் பச்சை பூசினாலும் வீடு ஆறாது. கீழே வரும் ஒவ்வொரு ஒப்பீட்டிலும் எங்கள் முதல் அளவுகோல் அதுதான். இரண்டாவது, உப்பு.

சுவர்: சுண்ணாம்புப் பூச்சும் எமல்ஷனும்

நிறத்தைத் தெரிவதற்கு முன் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் அறைகள் கட்டிய பழைய நாற்சார் வீடுகளின் சுவர், சுண்ணாம்புக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியது. அத்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் படை பெரும்பாலும் இருக்காது. மாரியில் நிலத்து நீர் சுவரில் ஏறும், கோடையில் சுவரின் முகத்தால் காய்ந்து வெளியேறும். போகும்போது நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். சுவரின் கீழ் மூன்று அடி அளவில் வெள்ளையாகப் பூத்து, பூச்சு பொருமி உதிர்வது இதனால்தான்.

இப்படிப்பட்ட சுவரில் எமல்ஷன் பெயின்ற் பூசினால் முகத்தில் ஒரு பிளாஸ்ரிக் தோல் போர்த்தியதாகிவிடும். உப்பு தோலுக்குப் பின்னால் பளிங்காகி அதைத் தள்ளும். ஓரிரு மாரிக்குள் கொப்புளம் வரும். அதைச் சுரண்டிவிட்டு, கீழ்ப்பகுதியை மட்டும் சீமெந்தால் பூசி, தண்ணீர் புகாத இரசாயனமும் சேர்த்துவிடுவது மேசன்மாரின் வழக்கமான தீர்வு. அது இன்னும் மோசம். வெளியேற வழியில்லாத ஈரம், சீமெந்துப் பூச்சின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறி அங்கே பூக்கும்.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை மறிக்காது. உப்பு வெளியே வந்து பூக்கும், காய்ந்த தும்புக்கட்டையால் தட்டி எடுத்துவிடலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை இதற்கு நிகரில்லை. சுண்ணாம்பு முகம் பளபளக்காது. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும், சுவரில் ஒரே இடம் மின்னிக் கண்ணைக் குத்தாது.

செய்முறை: ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஐந்து லீற்றர் நல்ல தண்ணீர். பாத்திரத்தில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். மெல்லிய பிளாஸ்ரிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடலாம், இரும்பு பரலே நல்லது. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டும். குறைந்தது ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடித்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீரில் கரைக்கவே வேண்டாம், மழைநீர் பிடித்து வையுங்கள். பிடிப்புக்காகக் கறியுப்புச் சேர்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஏற்கெனவே உப்புப் பூக்கிற சுவருக்கு அது தேவையில்லாத சீதனம்.

நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சட்காவி, கபிலம், கறுப்பு ஆகிய இரும்பு ஒக்சைட் பொடிகள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். அளவு, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கையில் ஒட்டும். எல்லாப் பச்சைப் பொடியும் காரத்தைத் தாங்காது. ஒரு போத்தலில் சுண்ணாம்புப் பாலோடு சிட்டிகை கலந்து ஒரு கிழமை வைத்துப் பாருங்கள், நிறம் மாறினால் அந்தப் பொடி உதவாது. பூசும்போது தெரியும் நிறம் காய்ந்ததும் பல மடங்கு வெளிறும். ஆகவே ஈரத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

சுவரை முதலில் நனையுங்கள். மெல்லிய பூச்சாக மூன்று முதல் ஐந்து தரம், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள். காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது, அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். காய்ந்த சுவரில் தடிப்பாக ஒரே தரம் அப்பினால், அல்லது நேர்வெயிலில் பூசினால், கல்லாவதற்கு முன்னே காய்ந்து மாவாக உதிரும். சுண்ணாம்பின் மேல் பழிபோடுபவர்களில் பாதிப்பேர் செய்த பிழை இதுதான்.

சீமெந்துக் கல்லில் கட்டி, சீமெந்துப் பூச்சும் அதன் மேல் முகத்தை வழுவழுப்பாக்கும் வோல் புட்டிப் பசையும் இழைத்த புது வீட்டுக்கு எமல்ஷன்தான். புட்டியின் வழுவழுப்பில் சுண்ணாம்பு கடிக்காது. பழைய எமல்ஷன் மேலும் நிற்காது. சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உறிஞ்சினால் சுண்ணாம்பு பிடிக்கும், முத்தாக உருண்டால் பிடிக்காது. எமல்ஷனுக்குப் புதுப்பூச்சு 28 நாளாவது காயவேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் நாடா ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்தால் சுவர் இன்னும் காயவில்லை. பிறகு காரம் தாங்கும் பிரைமர் ஒன்று, எமல்ஷன் இரண்டு தரம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் கதவு, யன்னல் கழித்து ஏறக்குறைய 380 சதுர அடி. ஒரு லீற்றர் ஒரு தரத்துக்கு நூறு, நூற்றிருபது சதுர அடி போகும்; இரண்டு தரத்துக்கு நாலு லீற்றர் ரின் இரண்டு போதும். முகம் பளபளப்பில்லாத மட் வகையாக இருக்கட்டும். சில்க், ஷீன் வகைகள் துடைக்க நல்லவைதான், ஆனால் மேற்கு யன்னலுக்கு எதிர்ச்சுவரில் பூசினால் பின்னேரம் முழுக்கச் சுவர் மினுங்கும்.

சுண்ணாம்பின் குறையையும் சொல்லவேண்டும். சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். பிள்ளைகள் கிறுக்கினால் துடைக்க முடியாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருதரம் பூசவேண்டும். குசினிக்கு ஆகாது: புதுச் சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் ஆலாத்தி மாதிரிச் சிவந்துபோகும். ஆகவே பழைய வீட்டிலும் குசினிக்கு, ஈரம் ஏறாத உட்சுவராகப் பார்த்து, கழுவக்கூடிய பெயின்ற் பூசுவதில் பிழையில்லை.

நிறம்: பச்சை, மண், மணல், நீலம்

பச்சை அமைதி தரும் என்பது பாதி உண்மை. வேம்பும் மாவும் நிற்கும் வளவில் யன்னலால் வரும் ஒளியே இலையில் பட்டுப் பச்சையாகத்தான் வருகிறது. அந்த அறைக்குப் பச்சைச் சுவரும் சேர்ந்தால் முகங்கள் நோயாளி முகம் போலாகும், சாப்பாட்டு மேசையில் சோறும் கறியும் உயிரில்லாமல் தெரியும். மரமில்லாத, மதிலைப் பார்த்த அறைக்கு மங்கிய பச்சை நன்றாகப் பொருந்தும்.

வலிகாமத்துச் செம்மண் நிறம் பார்க்க அழகு. நாலு சுவருக்கும் பூசினால் அறை இருண்டு வெக்கை கூடியதுபோல இருக்கும். யன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒன்றுக்கு, அல்லது விறாந்தைச் சுவரின் கீழ் மூன்றடிக்குப் போதும். மழைத் தெறிப்பின் கறையும் அதில் தெரியாது. எங்கள் முதல் தெரிவு மணல் நிறம், அதாவது வெள்ளையில் மஞ்சட்காவி சிறிதளவு. வெள்ளையைவிடக் கூச்சம் குறைவு, மண் நிறத்தைவிட வெளிச்சம் கூட. நீலம் மதியத்தில் மட்டும் நன்றாக இருக்கும். சுவருக்குப் பூசுவதைவிட, உடுப்புக்குப் போடும் நீலத்தில் சில துளி சுண்ணாம்புப் பாலில் விட்டு அதன் மஞ்சட்சாயலை எடுப்பது பழைய, நல்ல கைவேலை.

திசையைக் கணக்கில் எடுக்காமல் நிறம் தெரியவேண்டாம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வடக்கில் இருப்பதால் சித்திரை (ஏப்ரல்) நடுவிலிருந்து ஆவணி (ஓகஸ்ட்) கடைசி வரை மதியச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். வடக்குச் சுவருக்கு வெயில் படாது என்று பிறநாட்டுக் குறிப்புகள் சொல்வது இங்கே அந்த நாலரை மாதமும் செல்லாது. இரண்டடிச் சதுர அட்டையில் நிறத்தைப் பூசி, காலை ஏழு மணிக்கும் மதியத்திலும் பின்னேரம் ஐந்துக்கும் ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துப் பாருங்கள். இரவு பல்ப் எரியும்போதும் பார்க்கவேண்டும். கடைகளில் கேளாமலே தரும் 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி. மண் நிறத்தைச் சாம்பலாக்கிவிடும். மஞ்சட்சாயல் ஒளி தரும் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். படுக்கையறையில் பெயின்ற் மாற்றுவதற்கு முன் பல்பை மாற்றிப் பார்ப்பது மலிவான பரிசோதனை.

நிலம்: சிவப்புச் சீமெந்தும் ரைல்ஸும்

காலுக்குக் குளிர்மை என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் ஒளியில். இரண்டடிக்கு இரண்டடி பளபளக்கும் வெள்ளை ரைல் யன்னலையே நிலத்தில் காட்டும். சிவப்புச் சீமெந்து வெளிச்சத்தை விழுங்கும். அதனாலேயே மணல் நிறச் சுவரோடு நன்றாகச் சேரும்.

ஆனால் சிவப்புச் சீமெந்து முழுக்க முழுக்கக் கைவேலை. தெரிந்த மேசன் கிடைக்காவிட்டால் தொடங்கவேண்டாம். காவியைச் சீமெந்தோடு உலர்ந்த நிலையிலேயே முழு அறைக்கும் ஒரே தடவையில் கலந்து அரித்து வைக்கவேண்டும். இரண்டு தடவை கலந்தால் இரண்டு சிவப்பு வரும். 50 கிலோ பையொன்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் காவி போட்டால் வலுக் குறையும். நாலடிக்கு நாலடிக் கட்டமாகப் பிரித்துவிட்டால் வெடிப்புகள் கோட்டுக்குள் அடங்கும். ஒரு கட்டத்தை இடையில் நிறுத்தாமல் முடிக்கவேண்டும். ஈரம் கூடிவிட்டதென்று மேலே வெறுஞ்சீமெந்து தூவித் தேய்த்தால் வெளிறிய திட்டுகள் விழும். முடிந்த மறுநாளிலிருந்து ஒரு கிழமை தண்ணீர் கட்டி வைக்கவேண்டும், அதுவும் உவரில்லாத தண்ணீர். பிறகு பொலிஷ் பூசிப் பொச்சுமட்டையால் தேய்ப்பது வீட்டுக்காரரின் பாடு.

ரைல்ஸ் விரைவு, வீட்டில் ஆட்களை வைத்துக்கொண்டே பதிக்கலாம். மண் நிற மட் வகையாக எடுத்தால் பாதிக் குறை போய்விடும். கீழே முழுக்கச் சாந்து பரப்பாமல் நாலு மூலையிலும் நடுவிலும் குவித்து வைப்பதுதான் வழமையான பிழை. தட்டினால் பொக்கென்று கேட்கும், கனம் விழுந்தால் வெடிக்கும். நடுமுற்றத்தைச் சுற்றிய விறாந்தைக்குப் பளபளக்கும் ரைல் போடவே கூடாது. மாரியில் சாரல் அடித்ததும் சறுக்கும்.

நிழல்

திரைச்சீலை வெயிலை அறைக்குள் விட்டபின் மறைக்கிறது. வெளியே தொங்கும் ஓலைத்தட்டி வெயில் யன்னலைத் தொடுமுன்னே மறிக்கிறது. வெக்கைக்கு இரண்டாவதே சரி. கிடுகு ஓரிரு மாரியில் போய்விடும், பனையோலை கூட நாள் நிற்கும். சுவரில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் விலக்கித் தொங்கவிட்டால் காற்றுப் போகும், கறையானும் சுவர்வழியே ஏறாது. சோழகக் காற்றில் (தென்மேல் பருவக்காற்று) அடித்துக் கிழியாமல் அடிப்பக்கத்தையும் கட்டிவிடுங்கள். குசினிப் பக்கம் வேண்டாம், நெருப்பு. ஓலைக்குப் பதிலாகப் பச்சை நிழல்வலை கட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. அதற்குள்ளால் வரும் ஒளி எல்லாவற்றையும் பச்சையாக்கி, பார்த்துப் பார்த்துத் தெரிந்த சுவர் நிறத்தைக் கெடுத்துவிடும். வலைதான் வேண்டுமென்றால் கறுப்பு.

வெளியே மரமா, உள்ளே சாடியா

1984இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரே மருத்துவமனையில் பித்தப்பைச் சத்திரசிகிச்சை முடிந்த 23 சோடி நோயாளரை ஒப்பிட்டது. யன்னலால் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முந்தியே வீடு திரும்பினர். கடும் வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. செங்கல்லும் மண் நிறந்தான் என்பதை வர்ண அட்டையோடு அலைபவர்கள் கவனிக்கவேண்டும். காசு மட்டாக இருந்தால், படுக்கையிலிருந்து பார்க்கும்போது தெரியும் இடத்தில் ஒரு செவ்வரத்தையோ மாதுளையோ நடுவதற்கே முதலில் செலவழியுங்கள்.

உள்ளே வைக்கும் செடிச் சாடிகள் அறையின் காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சை நம்பி நிறைக்கவேண்டாம், நாலைந்து சாடியால் அப்படியொன்றும் நடக்காது. அழகுக்கு இரண்டு போதும். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு இலையில் வெள்ளைப் புள்ளியாகப் படியும், ஆகவே இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். சாடித் தட்டில் தேங்கும் நீர் டெங்கு நுளம்புக்கு ஊர். தட்டை மணலால் நிரப்புங்கள், அல்லது கிழமைக்கு ஒருதரமாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

எப்போது தொடங்குவது

மாரி முடிந்த கையோடு எமல்ஷன் பூசுவது பொங்கலுக்கு முந்திய அவசரத்தில் நடக்கும் பிழை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை குடித்த நீர் அப்போது சுவருக்குள்ளேயே இருக்கும். தை கடைசி, மாசி மாதங்களில் சுண்ணாம்பு வேலையை வைத்துக்கொள்ளலாம்: சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அதற்குப் பரவாயில்லை, வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. எமல்ஷனை வைகாசி தாண்டி, சுவர் நன்றாகக் காய்ந்தபின் தொடங்குங்கள். சோழகம் புழுதியை அள்ளிவரும் காலம் அது. காற்று வரும் பக்கத்து யன்னல்களைச் சாத்திவிட்டு விடியற்காலையில் பூசவேண்டும்.